அமானிதமும் ஆவணமும்



ஒரு வீட்டில் மௌத்து நிகழ்கிறது. ஜனாஸா நல்லடக்கம் செய்யப்படுகிறது. ஆறுதல் கூற வந்தோர் கலைந்து செல்கின்றனர். அதன் பின்னர் அவ்வீட்டில் எழும் முதலாவது கேள்வி யாது? "உறுதி எங்கே?" என்பதே அது. இரண்டாவது கேள்வி, "கடை இனி யாருடையது?" என்பதாகும். இவ்விரு கேள்விகளுக்கும் மௌத்தானவர் தம் வாழ்நாளில் விடை எழுதி வைத்திருந்தால் அக்குடும்பம் ஒன்றாயிருக்கும். எழுதி வைக்காதிருந்தால், ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவர்கள் நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நிற்கும் நாள் வெகு தொலைவில் இல்லை.

எழுதுதல் என்பது நமக்குப் புதிய கட்டளையன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? அல்-பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனமே அது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வடையலாகாது என்றும், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்றும், சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவ்வசனம் நமக்கு அறிவுறுத்துகின்றது. ஆயினும் நடைமுறையில் நாம் என்ன சொல்கிறோம்? "நானா தம்பிக்குள் என்ன எழுத்து?" என்கிறோம். பாசம் இருக்கும்போதே எழுத வேண்டும் என்பதை, பாசம் போன பின்னரே உணர்கின்றோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். இது எந்தத் தனி மனிதரின் கதையும் அன்று. பலரது வாழ்வில் நடப்பவற்றைச் சேர்த்து நாம் அமைத்துக்கொண்ட உதாரணமே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பண்டத்தரிப்பில் ஒருவர் பலசரக்குக் கடை நடத்தி வந்தார். 1990 இல் குடும்பத்துடன் புத்தளம் சென்றவர், யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்து, 2011 இல் அங்கே ஒரு சிறு காணியை வாங்கிக் கடை கட்டினார். மூத்த மகன் பத்தாண்டுகளுக்கு மேலாக அவருடன் கடையிலேயே உழைத்தான். இளைய மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்பினான். மகள் மன்னாரில் வாழ்க்கைப்பட்டாள். நடு மகன் வாப்பாவுக்கு முன்பே மௌத்தாகிவிட்டான். அவனுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். வாப்பாவின் தாயும் உயிரோடிருக்கிறார். ஒரு நாள் வாப்பாவும் மௌத்தானார். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை.

மூத்தவன் கூறுகிறான்: "கடையில் பாதி என் உழைப்பு, வாப்பாவும் நானும் பங்காளிகள்." இளையவன் கூறுகிறான்: "கட்டடம் எழும்பியது என் காசில்." இருவரும் தங்கையைப் பார்த்து, "உனக்குச் சீதனம் கொடுத்தாயிற்று" என்கின்றனர். நடு மகனின் விதவை ஒன்றும் பேசாமல் பிள்ளைகளுடன் ஓரமாய் நிற்கிறாள். யார் கூற்று சரி? ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

பங்காளி என்பதற்குச் சான்று என்ன?

மூத்த மகன் பொய் சொல்லவில்லை. அவன் உழைத்தது உண்மை. ஆனால் நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. முதல் ஆயிரம் ரூபாவை விஞ்சும் பங்குடைமை வியாபாரம் ஒன்று நிறுவப்படின் அது எழுத்தில் இருத்தல் வேண்டும் என அச்சட்டம் கூறுகின்றது. 1840 இல் ஆயிரம் ரூபாவுக்கு நிகரான தொகை பெருஞ்செல்வம். இன்று அது ஒரு வேளைச் சாமான் பட்டியலுக்கும் போதாது. ஆகவே இன்றைய எந்தக் கடையும் இவ்விதிக்குள் அடங்கிவிடும். எழுத்து இல்லையேல், "நாங்கள் பங்காளிகள்" என்ற சொல்லை நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம். கடை வாப்பாவின் பெயரில் பதிவாகியிருந்தால், அது வாப்பாவின் சொத்தாகவே கணிக்கப்பட்டு வாரிசுகள் அனைவருக்கும் பங்காகும்.

இளைய மகன் அனுப்பிய பணத்தின் நிலையும் இதுவே. அது வாப்பாவுக்குக் கொடுத்த அன்பளிப்பா, கடனா, கடைக்கு இட்ட முதலா? மூன்றுக்கும் விளைவு வேறு. அன்பளிப்பாயின் திரும்பக் கேட்க இயலாது. கடனாயின் பங்கு பிரிப்பதற்கு முன்னரே தீர்க்கப்பட வேண்டும். முதலாயின் எழுத்து வேண்டும். பணம் அனுப்பும் நாளில் ஒரு வரி எழுதி, தந்தையும் மகனும் கையொப்பமிட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

ஆகவே, தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து கடை நடத்தும் சகோதரர்களே! உங்கள் மகன் கடையில் சம்பளக்காரனா, பங்காளியா, அல்லது வாப்பாவுக்கு உதவுபவனா என்பதை இன்றே தீர்மானியுங்கள். சம்பளமாயின் மாதந்தோறும் கொடுத்துக் கணக்கில் எழுதுங்கள். பங்காயின், யார் எவ்வளவு முதல் இட்டார், இலாபம் எப்படிப் பிரியும், ஒருவர் மௌத்தானால் கடை என்னவாகும் என்பவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு செய்யும்போது பங்காளிகள் அனைவரது பெயரையும் பதியுங்கள். பிரதேச சபையின் வியாபார உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து, பற்றுச்சீட்டுகளை ஒரே கோவையில் வையுங்கள்.

வாரிசுரிமை: கணக்கு எப்படி?

மரண சாசனம் எழுதாது இறந்த முஸ்லிமின் சொத்து எவ்வாறு பிரிய வேண்டும் என்பதை 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ, அதன் முஸ்லிம் சட்டப்படி பிரியும். இலங்கையில் நம்மிற் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஆகவே மீராஸ் என்பது நமக்கு மார்க்கக் கடமை மட்டுமன்று, நாட்டின் சட்டமுமாகும்.

முதலில் கழிக்க வேண்டியவை உள. ஜனாஸாச் செலவு, பின்னர் கடன்கள். மனைவிக்குக் கொடுபடாதிருக்கும் மஹரும் கடனே. மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியதும் கடனே. செலுத்தப்படாத வரியும் கடனே. அதன் பின்னர் வஸிய்யத். எஞ்சியதே வாரிசுகளுக்குரியது.

நமது உதாரணக் குடும்பத்தில் எல்லாம் கழித்து 120 இலட்சம் ரூபா பெறுமதியான சொத்து எஞ்சுவதாகக் கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று: 15 இலட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று: 20 இலட்சம். எஞ்சும் 85 இலட்சம் உயிரோடிருக்கும் இரண்டு ஆண் மக்களுக்கும் ஒரு பெண் மகளுக்கும் உரியது. ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 17 இலட்சம். ஆண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 34 இலட்சம். மகளுக்கு 17 இலட்சம். கூட்டிப் பாருங்கள், 120 சரியாக வரும்.

இதில் இரண்டு பேரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒருவர் மௌத்தானவரின் தாய். "உம்மம்மாவை நாங்கள்தானே பார்க்கிறோம்" என்று சொல்லி அவரது ஆறில் ஒரு பங்கை யாரும் எண்ணுவதில்லை. மற்றவர் மகள். "சீதனம் கொடுத்தாயிற்று" என்பது சட்டத்தில் நிற்காத வாதம். வாழ்நாளில் கொடுத்த அன்பளிப்பு, இறந்த பின் கிடைக்கும் பங்கைக் குறைப்பதில்லை. இந்த வாதம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சீதனம் பெற்ற மகள் பெற்றோர் சொத்தில் மேலும் உரிமை கோர இயலாள் என்னும் பழைய விதி, யாழ்ப்பாணத் தமிழ் மக்களுக்குரிய தேசவழமையில் உண்டு. அயலாரின் அந்த விதியை, நமக்கு வசதியான இடத்தில் மட்டும் நாம் இரவல் வாங்கிக்கொள்கிறோம். அது நமது சட்டமன்று.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். "கையொப்பம் மட்டும் போடு, பிறகு பார்த்துத் தருகிறோம்" என்று ஒரு தாள் நீட்டப்பட்டால், அது எந்த உறுதி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசித்து, வேறொரு சட்டத்தரணியிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள். மனமுவந்து விட்டுக்கொடுப்பது உங்கள் உரிமை. ஆனால் கையில் பங்கு வந்த பின்னர் கொடுப்பதே விட்டுக்கொடுப்பு. அறியாமல் இழப்பது விட்டுக்கொடுப்பு ஆகாது.

ஓரமாய் நிற்கும் பிள்ளைகள்

நடு மகனின் இரண்டு பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பாட்டனாரின் ஆண் மக்கள் உயிரோடிருக்கும்போது, முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு மீராஸில் பங்கு கிடைப்பதில்லை. இதைக் கேட்டுப் பலர் மனம் வருந்துகின்றனர். ஆனால் மார்க்கம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. வாரிசல்லாதவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்ய அனுமதி உண்டு. அந்த வாப்பா, மகனை இழந்த பின்னர் ஒரு நாள் ஒரு சட்டத்தரணியிடம் சென்று, "என் பேரப்பிள்ளைகளுக்கு இவ்வளவு" என்று எழுதி வைத்திருந்தால் போதுமானதாயிருந்திருக்கும். எழுதி வைக்க ஏதேனும் உடைய ஒருவர், தம் வஸிய்யத் எழுதப்படாமல் இரண்டு இரவுகள் கூடக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். நாமோ இருபது ஆண்டுகளைக் கழிக்கின்றோம்.

வாழும்போதே கொடுப்பதும் ஒரு வழி. அதுவே ஹிபா. ஹிபாவுக்குக் கொடுப்பவர் அறிவித்தலும், பெறுபவர் ஏற்றலும், ஆட்சியை ஒப்படைத்தலும் வேண்டும். 1931 ஆம் ஆண்டின் அதே கட்டளைச் சட்டம் இரண்டு முக்கிய விதிகளைக் கூறுகின்றது. நன்கொடை உறுதியைப் பெறுபவரின் கையில் ஒப்படைப்பது, சொத்தின் ஆட்சியை ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்கப்படும். அத்துடன், மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே கூறப்பட்டிருந்தாலன்றி, நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கருதப்படமாட்டாது. ஆகவே ஹிபா எழுதும்போது, பின்னர் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை நொத்தாரிசிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எழுதிய உறுதியை உங்கள் அலுமாரியிலேயே பூட்டி வைத்தால், கொடுத்தீர்களா இல்லையா என்ற வழக்குக்கு நீங்களே வித்திட்டவராவீர்கள்.

இன்னொன்றையும் தெளிவாக்குவோம். பள்ளிவாசலில் ஜமாஅத்தார் முன்னிலையில் பங்கு பிரித்து ஒரு தாளில் கையொப்பமிடுவது நல்ல சமாதானம். ஆயினும் அத்தாள் காணியின் உரிமையை மாற்றாது. காணி பற்றிய கைமாற்றம் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்படல் வேண்டும் என்பது முன்னர் கூறிய 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. காழி நீதிமன்றம் திருமணம், விவாகரத்து, தாபரிப்பு, மஹர், கைக்கூலி ஆகியவற்றை விசாரிக்கும்; காணிப் பங்கீட்டையன்று. அதற்குரிய இடம் மாவட்ட நீதிமன்றம். ஆகவே பள்ளிவாசலில் சமாதானமாகுங்கள். அதே வாரத்தில் நொத்தாரிசிடம் சென்று உறுதி முடியுங்கள்.

வடக்கில் காணி வாங்குவோருக்கு

நம் உதாரணத்தில் வாப்பா 2011 இல் காணி வாங்கினார் அல்லவா? விற்றவர் அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தேசவழமையை நாம் அறிந்திருத்தல் அவசியம். ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்தில் 1806 இல் சட்ட வலுப்பெற்ற வழமை அது. அச்சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதாயின், கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. மேலும், பலர் கூட்டாக உடைமை கொண்ட காணியில் ஒருவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கும் முன்னர், உடன்பங்காளர் முதலியோருக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு. இதை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்னீட்டுரிமைக் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. அவர்களுக்கு அறிவித்தல் கொடாமல் வாங்கினால், பணமும் கொடுத்து வழக்கும் வாங்கியவராவோம்.

ஆதலால் முற்பணம் கொடுக்கும் முன்னர் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அக்காணியின் பதிவுத் தாள்களைத் தேடிப் பாருங்கள். நில அளவைப் படத்துடன் காணியில் நேரில் நின்று எல்லைகளை ஒப்பிடுங்கள். விற்பவரின் குடும்பத்தில் யார் யார் உரித்தாளர் என்பதை விசாரியுங்கள். உறுதி முடிந்தவுடன் தாமதமின்றிப் பதியுங்கள். முறையாக விலை கொடுத்து வாங்கிய இருவரில், பின்னர் எழுதிய உறுதியை முன்னர் பதிந்தவருக்கு முந்துரிமை கிடைக்கலாம் என்பது 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் தன்மை.

தொலைந்த உறுதிகள்

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 அன்று, பண்டத்தரிப்பு உட்பட வலிகாமத்து மக்கள் யுத்தத்தின் காரணமாக ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். ஒரே நாளை நினைவில் சுமக்கும் இவ்விரு சமூகத்தாரிடமும் உறுதியற்ற வீடுகள் இன்றும் உள்ளன. உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்ததாகப் பொருள் இல்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவாளருக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது 1907 ஆம் ஆண்டு முதல் உள்ள நொத்தாரிசுச் சட்டம். ஆகவே உறுதி இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ, ஏறத்தாழ ஆண்டோ தெரிந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறலாம். பழைய உறுதிகளில் அயற்காணிக்காரரின் பெயர்கள் எல்லைகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். முதியோர் நினைவில் உள்ளபோதே அவற்றைக் கேட்டு எழுதுங்கள்.

காலமும் நமக்கு எதிராக ஓடும் என்பதை மறவாதீர்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராகக் காணியை ஆண்டால் அவர் உரிமை கோரலாம். யுத்தத்தால் வழக்குத் தொடர முடியாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காது விடும் சலுகையை அது தந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்றும் அது வரையறுத்தது. அந்த வாசல் திறந்திருந்தபோது நம்மிற் பலர் அறியாமலே இருந்துவிட்டனர். 2009 க்குப் பின் ஓடும் ஆண்டுகளுக்கு அச்சலுகை பொருந்தாது. உங்கள் காணியில் மற்றொருவர் இருந்தால், அவர் நல்லவராயினும், எழுத்து மூலமான அனுமதியோ குத்தகையோ செய்துகொள்ளுங்கள். அது அவரையும் காக்கும், உங்களையும் காக்கும்.

வரி: அச்சம் பெரிதா, தொகை பெரிதா?

சிறு வியாபாரிகளில் அநேகர் வரி என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சிக் கணக்கே எழுதாது விடுகின்றனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடிகிறது. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வருமான வரி விலக்கு உண்டு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதம், எஞ்சியதற்கு 36 வீதம்.

கடையில் மாதம் 2 இலட்சம் தூய இலாபம் வருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 24 இலட்சம். விலக்கு 18 இலட்சம் போக 6 இலட்சம். அதில் 6 வீதம் 36,000 ரூபா. மாதத்துக்கு 3,000 ரூபா. மாத இலாபம் 3 இலட்சமாயின் ஆண்டு வருமானம் 36 இலட்சம். வரிக்குரியது 18 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 5 இலட்சத்துக்கு 90,000, எஞ்சிய 3 இலட்சத்துக்கு 72,000. மொத்தம் 2,22,000 ரூபா. இது சிறு தொகையன்று. ஆனால் ஆண்டு முழுதும் ஒதுக்கி வைத்தவருக்குச் சுமையுமன்று. தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் நாள் செலுத்தப்பட வேண்டியவை. விபரத்திரட்டு நவம்பர் 30 க்கு முன்னர் ஒப்படைக்கப்படல் வேண்டும்.

விற்பனைத் தொகை வேறு, இலாபம் வேறு. பத்து இலட்சத்துக்கு விற்றவர் பத்து இலட்சம் உழைத்தவரல்லர். பொருள் வாங்கிய விலை, கடை வாடகை, மின்சாரம், சம்பளம் ஆகியவற்றுக்குச் சீட்டு இருந்தால்தான் அவை கழிக்கப்படும். சீட்டில்லாதவர் தம் நட்டத்துக்கும் வரி கட்ட நேரிடும். வீட்டுச் செலவு கழிக்கப்படாது. கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்த அரிசியும் சீனியும் தனியே எழுதப்பட வேண்டும். கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கணக்குகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வையுங்கள். இப்படி எழுதப்பட்ட கணக்கே, நாளை வாரிசுகள் முன் கடையின் பெறுமதியைக் கூறும் சாட்சியுமாகும். வரிக்கென எழுதுவதும் மீராஸுக்கென எழுதுவதும் ஒரே கொப்பியே.

வரி செலுத்துநர் இலக்கம் பெறுவது வேறு, வரி செலுத்துவது வேறு. வருமானம் விலக்குக்குள் இருந்தால் இலக்கம் பெற்றதனால் மட்டும் வரி வந்துவிடாது. பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 2024 ஜனவரியில் 6 கோடி ரூபாவாக்கப்பட்டது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. இந்த எல்லை இலாபத்துக்கன்று, மொத்த விற்பனைக்கு என்பதைக் கவனியுங்கள். விற்பனை பெருகும் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் நடப்பிலுள்ள எல்லையைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

ஊழியரின் ஹக்கு

கடையில் ஒரே ஒரு பையன் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சம்பளத்தில் 8 வீதம் ஊழியரிடமிருந்தும் 12 வீதம் முதலாளியிடமிருந்தும் செல்ல வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தை முதலாளியே செலுத்த வேண்டும். 40,000 ரூபா சம்பளமாயின் ஊழியர் பங்கு 3,200, உங்கள் பங்கு 4,800, நம்பிக்கை நிதி 1,200. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. "அவன் நம்ம பிள்ளை மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இருபது ஆண்டுகள் உழைத்தவரை வெறுங்கையுடன் அனுப்பும் கடைகள் உண்டு. பிள்ளை மாதிரி என்றால், பிள்ளையின் முதுமைக்கு வைப்பதை அவருக்கும் வையுங்கள்.

இவ்வாரம் செய்ய வேண்டியவை

நேயர்களே! பெரிதாக எதுவும் வேண்டாம். இவ்வாரம் ஒரு கொப்பியை எடுங்கள். முதற்பக்கத்தில் நீங்கள் கொடுக்க வேண்டிய கடன்களை எழுதுங்கள். மனைவியின் மஹரையும் மறவாதீர்கள். இரண்டாம் பக்கத்தில் உங்களுக்கு வர வேண்டியவற்றை எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில் காணிகள், உறுதி இலக்கங்கள், நொத்தாரிசின் பெயர்கள். நான்காம் பக்கத்தில் வங்கிக் கணக்குகள், நகைகள், அடகுச் சீட்டுகள், பிறர் உங்களிடம் ஒப்படைத்த அமானிதங்கள். ஐந்தாம் பக்கத்தில் பிள்ளைகளிடம் பெற்ற பணமும் அது எவ்வகையைச் சேர்ந்தது என்பதும். திகதியிட்டுக் கையொப்பமிட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இருவருக்குச் சொல்லுங்கள். இக்கொப்பி மரண சாசனம் ஆகாது. ஆனால் சட்டத்தரணியிடம் செல்லும் நாளில் உங்கள் வேலையின் பாதி முடிந்திருக்கும். கட்டணம் செலுத்த வசதியற்றோர், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

மௌத்தானவருக்குக் கடன் உண்டா என்று கேட்ட பின்னரே நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகைக்கு முன்வந்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அந்தக் கேள்வி நமது ஜனாஸாவிலும் கேட்கப்படும். அப்போது நம் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்தக் கொப்பியைத் திறந்து பதில் சொல்லக்கூடியவர்களாய் இருக்கட்டும். பண்டத்தரிப்புக் கடையின் ஓரத்தில் நின்ற அந்த இரண்டு சிறு பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.